விதிக்கு ஹெல்மெட் போட்டவர்

வண்டியே இல்லாமல் ஹெல்மெட் மட்டும் வைத்திருந்த மனிதர் இந்தப் பூலோகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் செஞ்சிக் கடைத்தெருவில் என் மளிகைக் கடைக்கு நேர் எதிரே இலவம்பஞ்சு மெத்தைக் கடை வைத்திருந்தார். இதைச் சிங்கவரம் ரங்கநாதர் சன்னிதியில் கற்பூரம் அணைத்து வேண்டுமானாலும் சொல்வேன்.

பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் பத்திரமாக இருந்தது. ஊருக்கு அவர் ஹெல்மெட்டார். காலையில் கடை திறக்க நடந்து வருவார், தலையில் ஹெல்மெட் இருக்கும். டீக்கடையில் முன்கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு டீ குடிப்பார். பஞ்சு அடிக்கும்போதும் அதைக் கழற்ற மாட்டார். வெள்ளை வெளேரென்று பஞ்சு பறக்கிற கடைக்குள் கறுப்பு ஹெல்மெட் ஒன்று மட்டும் அசைவதைப் பார்த்தால், நிலாவுக்குப் போன ஆள் அங்கே மெத்தைக் கடை போட்ட மாதிரி இருக்கும்.

வெளியூர்க்காரர் யாராவது கேட்பார்கள்: "வண்டி எங்கண்ணே?"

"வண்டி எதுக்குப்பா? தலை இருக்குது இல்ல, தலைக்குத்தான் போட்டுனு இருக்கேன்" என்பார்.

ஒருநாள் திண்டிவனம் ரோட்டில் போலீஸ்காரர்கள் ஹெல்மெட் சோதனை நடத்திக்கொண்டிருந்தார்கள். பாதி கடைத்தெருவே அங்கே கையைக் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றது. வரிசையில் நானும் உண்டு. அந்த வழியாக ஹெல்மெட்டார் கையில் ஒரு தலையணையோடு நடந்து வந்தார். அதிகாரி அவரை நிறுத்தினார்.

"யோவ், வண்டி எங்கய்யா?"

"வண்டி இல்லீங்க."

"அப்புறம் இன்னாத்துக்கு ஹெல்மெட்?"

"கல்லு விழும்ங்க."

அதிகாரி மேலே பார்த்தார். ஆகாயம் சுத்தமாக இருந்தது. பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். "பார்த்துக்குங்கய்யா! வண்டியே இல்லாத மனுஷன் போட்டுனு போறாரு. உங்களுக்கெல்லாம் இன்னா கேடு?" அன்றைக்கு எங்களுக்கு அபராதம் வலிக்கவில்லை. ஹெல்மெட்டார் எங்களைத் திரும்பிப் பார்த்து, கண்ணாடியை டப்பென்று இறக்கிவிட்டுப் போனாரே, அதுதான் வலித்தது.

கல் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

ஹெல்மெட்டாருடைய அப்பா இதே செஞ்சியில் அம்மி, ஆட்டுக்கல் கொத்துகிறவர். சுற்றுவட்டாரத்தில் பாதி வீட்டுச் சட்னி அவர் கொத்தின அம்மியில் அரைபட்டதுதான். கொத்தி முடித்ததும் அடையாளத்துக்கு ஒரு மூலையில் சின்னதாக ஒரு பூ செதுக்குவார். மகன் தொட்டிலில் கிடந்தபோது குறி சொல்கிற அம்மா ஒருத்தி வாசலில் வந்து நின்றாள். குழந்தையைப் பார்த்து, "இந்தப் புள்ளைக்குக் கல்லுல கண்டம் இருக்குது" என்று சொன்னாள். முறத்தில் போட்ட அரிசியை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். எப்போது, எப்படி, எந்தக் கல் என்று ஒன்றும் சொல்லவில்லை.

எங்கள் ஊரைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தகப்பனார் எப்படிப் பயந்திருப்பார் என்று புரியும். உலகத்தைப் படைத்து முடித்தபின் மீந்துபோன பாறையை எல்லாம் எங்கே கொட்டலாம் என்று பார்த்து, பெருமாள் எங்கள் ஊரில் கொட்டிவிட்டுப் போனார். எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை. மலை என்றால் மண் மலை இல்லை. பாறைமேல் பாறை, அதன்மேல் இன்னொரு பாறை, "இதோ விழுந்துடுவேன்" என்கிற மாதிரி உட்கார்ந்திருக்கும். போதாததற்கு வீடு நிறைய அம்மிக்கல். அதனால் பையனுக்கு மீசை முளைக்கும் முன்பே பாண்டிச்சேரிக்கு அனுப்பிவிட்டார். அங்கே தாய்மாமனுக்குப் பஞ்சு மெத்தைக் கடை. கடல் இருக்கிற ஊர், மணல் ஊர், கையில் பஞ்சு. இனிமேல் என்ன ஆகிவிடும் என்று நினைத்தார்.

"எங்க நைனா அந்த ஊரைப் பார்த்ததே இல்லப்பா" என்பார் ஹெல்மெட்டார். "போய் எறங்கிப் பார்த்தா கடற்கரை பூரா கருங்கல்லு கொட்டி வச்சிருக்காங்க, மலை மாதிரி. நான் அந்தப் பக்கமே தலை வச்சுப் படுக்கல. பாண்டியில இருந்துனு கடலைப் பார்க்காதவன் நான் ஒருத்தன்தான்."

கடலைத்தான் பார்க்கவில்லை. அக்கா கல்யாணத்துக்கு மெத்தை வாங்க வந்த ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டார். அந்தப் பெண்ணுக்கு எந்த ஊர்? செஞ்சி. மாமனார் நிபந்தனை என்ன? எங்க ஊர்லயே கடை வச்சுத் தர்றோம், வீட்டோட வந்துடணும்.

"கல்லு வேணாம்னு நைனா அனுப்பினாரு. கல்லு பொம்பளை வேஷம் போட்டுனு வந்து கையைப் பிடிச்சுக் கூட்டியாந்துடுச்சு."

உள்ளேயிருந்து அண்ணியின் குரல் வரும். "யாரு கல்லு?"

"ஊரைச் சொன்னேன்டி."

"ஊரைச் சொன்னா மாதிரி தெரியல. உங்க தலையில கல்லு விழுந்தா கல்லுக்குத்தான் சேதம். கவலைப்படாதீங்க."

இவ்வளவையும் சாதாரணமாக விட்டிருப்பார். அவரைக் கெடுத்தது கிரேக்க நாடகம்.

பாண்டிச்சேரியில் இருந்தபோது ஒரு கல்லூரியில் கிரேக்க நாட்டுப் பழைய நாடகம் ஒன்றைத் தமிழில் போட்டார்களாம். அந்த ஊர் நாடகத்தில் பாத்திரங்களோடு ஒரு கிழவர் கூட்டமும் மேடையில் நிற்குமாம். கிழவர்களுக்குத் தாடி வேண்டும், தாடிக்குப் பஞ்சு வேண்டும். பஞ்சு கொடுக்கப் போனவரை, ஒரு கிழவன் குறைகிறான் என்று பிடித்துத் தாடி ஒட்டி நிறுத்திவிட்டார்கள்.

எங்களுக்கு அதைக் கதையாகச் சொல்வார். நான் எட்டாவதோடு நின்றவன், எனக்கு விளங்கினமட்டும் எழுதுகிறேன். ஒரு ராஜா குடும்பத்துக்கு ஒரு கெட்ட குறி சொல்கிறார்கள். அது நடக்கக் கூடாதென்று பெற்றவர் ஒன்று செய்கிறார், வளர்த்தவர் ஒன்று செய்கிறார், வேலைக்காரன் இரக்கப்பட்டு ஒன்று செய்கிறான், ராஜாவும் ஊரைவிட்டு ஓடுகிறார். ஆளுக்கொரு நல்லது செய்கிறார்கள். செய்த நல்லது எல்லாம் ஒன்றுசேர்ந்து அந்தக் குறியை நடத்திவைத்துவிடுகிறது.

"அந்த ஊரு சாமிங்க முன்கூட்டியே சொல்லிடும்பா. ஆனா முழுசா சொல்லாது" என்பார். "அதுல பாதிய நாமதான் சேர்த்துக்கினு அலையணும்."

"கிழவனுங்க இன்னா செய்வாங்கண்ணே?"

"இன்னா செய்வாங்க? ஐயோ இப்படி ஆவுதே, ஐயோ அப்படி ஆவுதேன்னு கூட்டமா பேசுவோம். ஒருத்தனும் போய்த் தடுக்க மாட்டோம். நீங்க இல்ல? டீக்கடையில நின்னுனு? தாடிதான் கம்மி."

கடைசிக் காட்சியைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கும். எல்லாம் போனபின் அந்த ராஜா சாமிமேல் பழியைப் போட்டுவிட்டுப் போகலாமாம். போடவில்லையாம். செய்தது நான்தான் என்று ஊர் முன்னால் நின்றாராம். "அங்கதான்பா நாங்க அத்தினி கிழவனுங்களும் நெசமாவே அழுதுட்டோம். தாடி பூரா நனைஞ்சு தொங்கிப் போச்சு."

எனக்கு ஒரு சந்தேகம். "விதி வந்தே தீரும்ன்றீங்க. அப்புறம் ஏண்ணே ஹெல்மெட்?"

அதற்கும் கிரேக்கம்தான் காரணம். அந்த நாட்டில் இப்படி நாடகம் எழுதின ஒருவருக்கே, மேலேயிருந்து ஏதோ விழுந்து சாவு என்று குறி சொன்னார்களாம். வீட்டுக்குள் இருந்தால்தானே கூரை விழும் என்று அவர் வெட்டவெளியில் போய் உட்கார்ந்தாராம். ஆகாயத்தில் போன கழுகு ஒன்று, காலில் ஆமையைப் பிடித்துக்கொண்டு, அதன் ஓட்டை உடைக்கப் பாறை தேடியதாம். இவருக்கோ வழுக்கைத் தலை. மேலேயிருந்து பார்க்கப் பளபளவென்று பாறை மாதிரியே தெரிந்ததாம். போட்டுவிட்டது.

இந்தக் கதையைக் கேட்ட வயதில் ஹெல்மெட்டாருக்குச் சுருட்டை முடி. சிரித்துவிட்டுப் போய்விட்டார். செஞ்சிக்கு வந்து, முடி கொட்டி, உச்சி பளபளவென்று ஆனபோதுதான் மேலே பார்த்தார். கோட்டை மலைமேல் பருந்துகள் வட்டம் போட்டுக்கொண்டிருந்தன. மறுநாளே ஹெல்மெட் வாங்கிவிட்டார். உள்பக்கம் இலவம்பஞ்சை வைத்து அவரே தைத்துக்கொண்டார்.

"நம்ம ஊர்ப் பருந்துக்கு ஆமை எங்கண்ணே கிடைக்கும்?"

"ஆமை கிடைக்கல, கல்லு கிடைக்குது இல்ல?"

அவருக்குத் தன்னைப் பற்றி மட்டும் பயம் என்று நினைக்கக் கூடாது. ஊரில் யார் கல்மேல் உட்கார்ந்தாலும் தாங்க மாட்டார். பஸ் நிறுத்தத்துக் கல் பெஞ்சில் ஒருநாள் காலையில் பார்த்தால் நீளமாக ஒரு மெத்தை விரித்திருந்தது. எல்லாரும் உட்கார்ந்தார்கள். மத்தியானத்துக்குள் ஒருவர் படுத்தும்விட்டார், அவருடைய பஸ் போய்விட்டது. நான் கடை முன்னால் ஒரு கருங்கல் பலகைமேல் உட்கார்ந்து வியாபாரம் பார்ப்பது வழக்கம். "உன்னைப் பார்க்கப் பார்க்க எனக்குத்தான் படபடன்னு வருது" என்று ஒருநாள் பச்சை உறை போட்ட திண்டு ஒன்றைக் கொண்டுவந்து, என்னை எழுப்பி, போட்டுவிட்டுப் போனார்.

கண்டத்தைச் சின்னதாக முடித்துக்கொள்ளவும் பார்த்தார். வயிற்று வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போய் ஸ்கேன் எடுத்தார்கள். "கிட்னில கல்லு ஏதாச்சும் இருக்குதா டாக்டர்?" என்று ஆசையாகக் கேட்டிருக்கிறார். இல்லை என்றார் டாக்டர். "நல்லாப் பாருங்க டாக்டர், கடுகத்தனை ஒண்ணாச்சும்?" கல் இல்லை என்று கேட்டு முகம் தொங்கிப்போய் வந்த நோயாளியை அந்த டாக்டர் அதற்குமுன் பார்த்திருக்க மாட்டார். இன்னொரு நாள் என் கடை அரிசியில் ஒரு கல் பல்லில் கடிபட்டுவிட்டது. சண்டைக்கு வருகிறார் என்று பார்த்தால், அதைப் பஞ்சில் சுருட்டிக் கொண்டுவந்து நீட்டினார். "இதுவா இருக்குமா பாரு. இதோட போயிடுச்சுன்னா உனக்கு ஒரு மெத்தை இனாம்."

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோது மகள் கோமதிக்கு வரன் அமைந்தது.

கோமதி பாண்டிச்சேரியில் நர்ஸ். நல்ல பெண், அம்மாவின் வாய், அப்பாவின் மனசு. மாப்பிள்ளை அங்கேயே வேலை பார்க்கிறவர், தங்கமான குடும்பம். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்கள். அவர்களுக்குக் குலதெய்வம் சிங்கவரம் ரங்கநாதர். தலைமுறை தலைமுறையாக அவர்கள் வீட்டுக் கல்யாணம் எல்லாம் மலைமேல் அந்தச் சன்னிதியில்தான்.

சிங்கவரம் போகாதவர்களுக்குச் சொல்கிறேன். மலைப் பாறையைக் குடைந்த கோயில் அது. சுவர் பாறை, கூரை பாறை. உள்ளே பள்ளிகொண்டிருக்கிற பெருமாளும் அதே பாறையில் செதுக்கினவர்தான். நான் சனிக்கிழமை தவறாமல் போகிறவன். ஹெல்மெட்டார் மட்டும் ஒருநாளும் படி ஏறினதில்லை. கீழேயே நின்று கைகூப்பிவிட்டு, "பெருமாள் தலைக்கு மேல அத்தினி பெரிய பாறை இருக்குதே, அவருக்குப் பயமா இருக்காதா?" என்று என்னைக் கேட்பார்.

இப்போது அந்தப் பாறைக்குக் கீழே நின்று அவர் மகளைத் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டும். அவர் போகாவிட்டால் அப்பா இல்லாமல் அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம்.

நாங்கள் கிழவர் கூட்டம் டீக்கடையில் நின்று, ஐயோ இப்படி ஆகிறதே, ஐயோ அப்படி ஆகிறதே என்று பேசினோம்.

கோமதி அழவில்லை. "நைனா, நீ வரலைன்னா நான் கோவிச்சுக்க மாட்டேன். உன் இடத்துல உன் ஹெல்மெட்டை நாற்காலியில வச்சு, அதையே தாரை வார்க்கச் சொல்லிடறேன்" என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய் அழுதாளாம். அண்ணி சொன்னார்.

ஹெல்மெட்டார் தன்னால் ஆனதைச் செய்தார். கோயில் பட்டரைப் போய்ப் பார்த்தார். பட்டர் பொறுமைசாலி.

"சாமி, மேல பாறைக்கும் எங்களுக்கும் நடுவுல பந்தல் மாதிரி நாலு மெத்தையைக் கட்டிக்கட்டுமா?"

"பெருமாளே பாம்புமேல படுத்துண்டிருக்கார். உமக்கு மெத்தை கேக்கறதா?"

"எனக்கு இல்ல சாமி. மேலயிருந்து வர்றதுக்கு."

"அந்தப் பாறை எத்தனையோ காலமா அங்கேயே இருக்கு. உம்ம பொண்ணு கல்யாணத்தன்னிக்கு விழணும்னா காத்துண்டிருக்கு?"

"அதான் சாமி என் பயமும். காத்துனுதான் இருக்குது."

கடைசியில் பட்டர், வயசானவர்கள் உட்கார ஒரே ஒரு மெத்தையை வெளி மண்டபத்தில் போட்டுக்கொள்ளச் சொல்லி அனுப்பினார்.

கல்யாணத்தன்று விடிந்ததும் எனக்கு அண்ணியிடமிருந்து போன். "தம்பி, கோயில் அம்மி ரெண்டா பிளந்து கெடக்குதாம். அம்மி மிதிக்க ஒண்ணும் இல்ல. உங்க வீட்டு அம்மியைக் கொஞ்சம் எடுத்துனு வாப்பா."

எங்கள் வீட்டு அம்மி நடுத்தர அளவு, என் அம்மா காலத்தது. அதைச் சாக்கில் சுருட்டி, டிவிஎஸ்ஸில் முன்னால் வைத்துக்கொண்டு போனேன். அடிவாரத்தில் பார்த்தால் ஹெல்மெட்டார் நிற்கிறார். பட்டு வேட்டி, அங்கவஸ்திரம், நெற்றியில் நாமம், மேலே ஹெல்மெட். எல்லாரும் ஏறிவிட்டார்கள். இவர் முதல் படிக்கு எதிரே நின்று, பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்கிற பிள்ளை மாதிரி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாக்குல இன்னாப்பா?"

கல்லைக் காட்டி இந்த நேரத்தில் ஏன் அவரைக் கலவரப்படுத்த வேண்டும்? "பருப்புண்ணே" என்றேன்.

"சரி, நீ போ. நான் இங்கிருந்தே கும்பிட்டுக்கறேன்."

மேலே நாதஸ்வரம் ஆரம்பித்துவிட்டது. பெருமாளை நினைத்துக்கொண்டு வாயில் வந்ததைச் சொன்னேன்.

"அண்ணே, உங்க நாடகத்துல அந்த ராஜா கடைசியில இன்னா சொன்னாரு?"

"செஞ்சது நான்தான்னாரு."

"நாளைக்கு ஊர் கேட்டா நீங்க இன்னா செஞ்சேன்னு சொல்லுவீங்க? கீழ நின்னேன்னா?"

அவர் கண்ணாடியை மேலே தள்ளி என்னை உற்றுப் பார்த்தார். "கிழவனுங்க கூட்டத்துலேருந்து ஒருத்தன் முன்னாடி வந்து பேசறானே! எங்க நாடகத்துல இப்படி ஒரு காட்சியே இல்லப்பா" என்றார்.

சொல்லிவிட்டு ஏற ஆரம்பித்தார். படிக்குப் படி "ரங்கா, ரங்கா" என்றார். நான் பின்னால் என் பருப்போடு மூச்சு வாங்கிக்கொண்டு போனேன்.

சன்னிதி வாசலில் பட்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ஹெல்மெட்டார் தானாகவே கழுத்துப் பட்டையை அவிழ்த்து, ஹெல்மெட்டைக் கழற்றி, செருப்புகளோடு வைத்தார். உள்ளேயிருந்து கோமதி பார்த்துவிட்டாள். அந்தப் பெண் நினைவு தெரிந்து தன் அப்பாவின் தலையை வீட்டுக்கு வெளியே பார்த்ததில்லை. அவள் முகம் இருந்த இருப்பை எழுத எனக்குப் படிப்பு போதாது.

பாறைக்குக் கீழே நின்றார். மேலே ஒருதரம் பார்த்தார். அப்புறம் பார்க்கவில்லை. மகள் கையைப் பிடித்துத் தாரை வார்த்துக் கொடுத்தார். தாலி ஏறியது. பாறை அசையவில்லை. பெருமாள் படுத்தவாறே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்தது அம்மி மிதித்தல். சாக்கைப் பிரித்தேன். "பருப்புன்னியேடா" என்கிற பார்வை ஒன்று என்மேல் விழுந்தது. மாப்பிள்ளை குனிந்து கோமதியின் பாதத்தை எடுத்து அம்மிமேல் வைத்து மெட்டி போட்டார். நன்றாகத்தான் நடந்தது. தீவலம் வர இடம் வேண்டும், அம்மியை ஓரமாக நகர்த்துங்கள் என்றார் பட்டர். நான் குனிந்தேன்.

"இரு" என்றார் ஹெல்மெட்டார்.

அம்மியின் மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார். மஞ்சளும் குங்குமமும் பட்டதில் அங்கே சின்னதாக ஒரு பூ பளிச்சென்று தெரிந்தது. இத்தனை வருஷம் சட்னி அரைத்த வீட்டில் எங்களுக்கு அது கண்ணில் பட்டதே இல்லை.

"இது எங்க நைனா கொத்துனது" என்றார். "நீங்க விடுங்க. நான் தூக்கறேன்."

பிறந்ததிலிருந்து கல்லைத் தொடாத கை. பஞ்சு தூக்கிப் பழகின கை. குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கினார். இடுப்பு உயரம் வரை வந்தது. அப்புறம் வழுக்கி நேராக அவருடைய வலது கால் கட்டைவிரலில் இறங்கியது.

அவர் போட்ட சத்தத்தில் நாதஸ்வரக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார். ஹெல்மெட்டார் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. கொட்டிக்கொண்டே இருக்கும்போது சிரிக்க ஆரம்பித்தார்.

"முடிஞ்சிடுச்சு! ஏய், முடிஞ்சிடுச்சு! குறி சொன்னவ தலைன்னு சொல்லவே இல்லப்பா! கல்லுன்னுதான் சொன்னா! தலைன்னு சேர்த்துக்கினது நான்தான்!"

அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து விரலைத் தொட்டுப் பார்த்தார். "காலம்பூரா தலைக்குத் தொப்பி போட்டீங்களே, காலுக்கு ஒரு பூட்ஸு போட்டிருக்கக் கூடாதா?" என்றார். அவருக்கும் அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. கோமதி நர்ஸ் அல்லவா, கழுத்தில் மாலையோடு மணவறையிலேயே விரலுக்குத் துணி சுற்றிக் கட்டுப் போட்டாள். மாப்பிள்ளை பஞ்சு கேட்டார். மெத்தைக்கடைக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் பஞ்சுக்கா பஞ்சம்?

கீழே எப்படி இறக்குவது? வெளி மண்டபத்தில் அந்த ஒற்றை மெத்தை இருந்தது. கடைத்தெருக்காரர்கள் நாலு பேர் ஆளுக்கொரு மூலையைப் பிடித்தோம். அவர் வலிக்காமல் இருக்க ஒருக்களித்துப் படுத்து, கையை மடக்கித் தலைக்குக் கொடுத்துக்கொண்டார். படியில் எதிரே ஏறி வந்த ஒரு கிழவி, பள்ளிகொண்ட கோலத்தில் யாரோ இறங்கி வருவதைப் பார்த்து, "கோவிந்தா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவரும் சும்மா இருக்காமல் கையைத் தூக்கி ஆசீர்வாதம் செய்துவிட்டார். பெருமாள் மன்னிப்பார். அன்றைக்கு அவரும் சிரித்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

என் மனசு மட்டும் கேட்கவில்லை. அவரை மேலே ஏற்றினவன் நான், கல்லைத் தூக்கி வந்தவனும் நான். கட்டுப் போட்ட காலோடு கடையில் உட்கார்ந்திருந்தவரிடம் போய்த் தலையைச் சொறிந்தேன்.

"அட போப்பா. நாடகத்துலயும் அப்படித்தானே? ஆளுக்கொரு நல்லது செஞ்சீங்க. எங்க நைனா கொத்துனாரு, உங்க அம்மா வாங்குனாங்க, நீ தூக்கினு வந்த. ஆனா கையில எடுத்தது நான். யாரும் என்னை எடுக்கச் சொல்லல" என்றார். அதைச் சொன்னபோது அவர் மூஞ்சியில் இருந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே! அந்தக் கிரேக்க ராஜா தோற்றான்.

என் சின்ன புத்திக்கு எட்டினது இது. வருகிறது வரும், அது பெருமாள் பாடு. எங்கே நின்று அதை வாங்கிக்கொள்கிறோம் என்பது நம் பாடு. அவர் மகள் பக்கத்தில் நின்று வாங்கிக்கொண்டார்.

விரல் ஆறியதும் கோட்டை மலைமேல் ஏறிப் பார்த்துவிட்டு வந்தார், வெறுந்தலையோடு. "மேல இன்னா இருக்குதுண்ணே?" என்றோம். "இன்னா இருக்கும்? கல்லுதான்" என்றார். ஹெல்மெட் கோயிலிலேயே கிடந்தது. பட்டர் ஆள் விட்டார். "எனக்கு வேணாம் சாமி. பெருமாள் தலைமாட்டுல வச்சிடுங்க, அவருக்குத்தான் மேல பாறை" என்று சொல்லி அனுப்பிவிட்டார். பட்டர் அப்படிச் செய்யவில்லை. பிரசாதம் எடுத்துப் போகும்போது குரங்குகள் தலையில் தாவுகின்றன என்று அவரே போட்டுக்கொள்கிறார்.

பேத்தி பிறந்ததும் கடையை மூடிவிட்டு மகள் வீட்டோடு பாண்டிச்சேரிக்குப் போய்விட்டார். வாரத்துக்கு ஒருமுறை போன் வரும். "இன்னா பருப்பு, சாப்டியா?" அன்றைக்குச் சாக்கில் பருப்பு என்றேன் இல்லையா, அதிலிருந்து எனக்கு அதுதான் பெயர். சாயங்காலமானால் பேத்தியோடு கடற்கரைக்குப் போய், அந்தக் கருங்கல் குவியலில் ஒரு கல்மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறாராம். தலையில் ஒன்றும் இல்லை. "கடல் நல்லாத்தான் இருக்குதுப்பா. இத்தினி நாளா பார்க்காம விட்டுட்டேன்" என்றார் போன வாரம்.

எதிரே அவர் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. நான் அதே கருங்கல் பலகையில்தான் உட்காருகிறேன், அவர் போட்ட பச்சைத் திண்டின்மேல். பஞ்சு அமுங்கி அப்பளமாகிவிட்டது. "தூக்கிப் போட்டுட்டு ஒரு நாற்காலி வாங்கு நைனா" என்கிறான் மகன். நான் அதைக் காதில் வாங்குவதில்லை. காலையில் கடை திறந்ததும் பெருமாள் படத்துக்குப் பூ வைத்துவிட்டு வந்து, உட்காரும்முன் அந்தத் திண்டை இரண்டு தட்டு தட்டுகிறேன். நல்ல ஆள்மேல் நமக்குப் பிரியம் வந்தால் தோளில் தட்டுவோமே, அந்த மாதிரி.